ஆவணி அவர்களுக்கு ஆகாது, மார்கழி நமக்கு ஆகாது

கேள்வி: என் மகன் 1995 ஜூனில் பிறந்தவன். ஹோ சி மின் நகரில் வேலை. அங்கேயே ஒரு வியட்நாமியப் பெண்ணை விரும்பினான். இரு வீட்டிலும் சம்மதம். பெண் 1999 ஜனவரியில் பிறந்தவள். கல்யாணம் அங்கேதான். 2026 ஆவணியில் எங்கள் ஜோசியர் குறித்த இரண்டு முகூர்த்தத்தையும் சம்பந்தி வீட்டில் "அந்த மாதமே வேண்டாம்" என்று தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு அவர்கள் சொன்னது டிசம்பர் 19. அது மார்கழி, நாங்கள் எப்படிச் செய்வோம்? எப்படியும் அவர்களுடைய புத்தாண்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்றும் அவசரப்படுத்துகிறார்கள். இதற்கிடையில் பெண்ணின் சித்தி "புலியும் பன்றியும் பகை" என்கிறாராம். என் மகனோ செல்போனில் ஒரு சீன நாட்காட்டி செயலியைப் பார்த்துவிட்டு, பெண் முயல் வருஷம் என்கிறான். அவர்கள் எப்படித்தான் நாள் பார்க்கிறார்கள்? இருவருக்கும் ஒத்த நாள் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் அம்மா. உங்களுக்குள் பிரச்சினை நாளில் இல்லை, மாதத்தில்தான். அதை முதலில் தீர்த்துக்கொண்டால் மற்றது தானாக வழிக்கு வரும்.

அவர்களுடைய மாதம் சந்திர மாதம். அமாவாசை கூடுகிற நாளே அவர்களுக்கு முதல் நாள். அங்கிருந்து 29 அல்லது 30 வரை எண்ணிக்கொண்டே போவார்கள். நம்மைப்போல் திதி பார்ப்பதில்லை, எண்தான் கணக்கு. 2026-ல் அவர்களுடைய ஏழாம் மாதம் ஆகஸ்ட் 13-ல் தொடங்கி செப்டம்பர் 10-ல் முடிகிறது. நம் ஆவணியின் பெரும்பகுதி அதற்குள் விழுந்துவிடுகிறது. ஏழாம் மாதம் அவர்களுக்கு ஆதரவற்ற ஆவிகளின் மாதம். படையல் போடுவார்கள், தானம் செய்வார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். பிரிந்து வாழும் இடையனும் நெசவுக்காரியும் வருஷத்துக்கு ஒருமுறை சந்தித்து அழுகிற மாதம் என்ற கதையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆடியில் கல்யாணம் என்று யாராவது கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறுவடை முடிந்து வெயில் தணிகிற பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் மாதங்கள்தான் அங்கே கல்யாணக் காலம். அதன் நடுவில் நம் மார்கழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆக இருவருக்கும் பொதுவாக மிஞ்சுவது முக்கியமாக இரண்டு இடைவெளிகள். ஒன்று, அவர்களுடைய பத்தாம் மாதம்: நவம்பர் 9 முதல் டிசம்பர் 8 வரை. நமக்கு அது ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும். மற்றொன்று தை பிறந்ததிலிருந்து அவர்களுடைய புத்தாண்டுக்கு முன்வரை, அதாவது 2027 பிப்ரவரி 5 வரை. இந்த இரண்டைத் தாண்டி வேறெங்கும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புத்தாண்டுக்குள் என்று ஏன் அவசரப்படுத்துகிறார்கள் தெரியுமா? பெண்ணின் வயதுக் கணக்கு. "பெண் எடுக்கப் பெண் வயதைப் பார், வீடு கட்ட ஆண் வயதைப் பார்" என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. பிறந்த வருஷத்தையே ஒன்று என்று எண்ணி, ஒவ்வொரு தெத் புத்தாண்டுக்கும் ஒன்று கூட்டுவார்கள். அந்த வயதை 9-ஆல் வகுத்து மீதி 1, 3, 6, 8 வந்தால் 'கிம் லௌ' தோஷம். 1 தனக்கு, 3 துணைக்கு, 6 பிள்ளைக்கு, 8 வீட்டுக் கால்நடைக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

இங்கேதான் உங்கள் மகன் சறுக்கியிருக்கிறார். 1999-ல் தெத் வந்தது பிப்ரவரி 16 அன்று. ஜனவரியில் பிறந்த பெண் முந்தைய வருஷத்தைச் சேர்ந்தவள். 1998, புலி வருஷம். போதாக்குறைக்கு, வியட்நாமில் முயல் வருஷம் என்பதே கிடையாது. சீனர்கள் முயல் வைத்த இடத்தில் இவர்கள் பூனையை வைத்திருக்கிறார்கள். 1998 என்று எண்ணினால் 2026-ல் பெண்ணுக்கு வயது 29. மீதி 2, தோஷமில்லை. 1999 என்று தவறாக எண்ணினால் 28. மீதி 1, தோஷம் வந்துவிடும். 2027 பிப்ரவரி 6 தெத் தாண்டினால் வயது 30, மீதி 3. சம்பந்தி அம்மா பயப்படுவது அதற்குத்தான். அந்தத் தேதிக்கு முன்னால் முடிக்க ஒத்துக்கொள்ளுங்கள், பாதி மனஸ்தாபம் அங்கேயே தீர்ந்துபோகும்.

சீனச் செயலியை வைத்து நாள் பார்க்கவே வேண்டாம். வியட்நாம் தன் நாட்காட்டியைத் தன் நேரப்படி, அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால் என்று கணிக்கிறது. சீனா 8 மணி. அமாவாசை நள்ளிரவை ஒட்டி வந்தால் தேதி ஒரு நாள் பிசகும். 2007-ல் வியட்நாமியப் புத்தாண்டு பிப்ரவரி 17, சீனப் புத்தாண்டு 18. 1985-ல் ஒரு மாத வித்தியாசமே வந்தது: ஜனவரி 21-ம் பிப்ரவரி 20-ம். 2030-லும் ஒரு நாள் தள்ளும். 2026-ல் மாதத் தொடக்கங்கள் ஒத்துப்போகின்றன என்றாலும் பழக்கத்தைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. பெண் வீட்டுச் சுவரில் நம் தினசரி நாட்காட்டியைப் போலவே தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்கும். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, அதன் கீழே சின்னதாகச் சந்திரத் தேதி, பக்கத்தில் அன்றைய நாளின் பெயர், ஓரத்தில் நல்ல வேளைகள். அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தச் செயலியையும்விட அதுவே போதும்.

இனி நாள். முதலில் எண்ணைப் பார்த்துக் கழிப்பார்கள். 3, 7, 13, 18, 22, 27 ஆகிய ஆறும் 'தாம் நுவாங்' நாட்கள். கல்யாணத்துக்குக் கட்டாயம் விலக்கு. 5, 14, 23 மூன்றும் 'ங்வியெத் கி'. இலக்கங்களைக் கூட்டினால் எல்லாம் 5 வரும். ஊர் சுற்றினாலே நஷ்டம், வியாபாரத்துக்குப் போனால் கேட்கவா வேண்டும் என்று சொல்கிற நாட்கள் இவை. நம் அஷ்டமி, நவமி அங்கே ஒரு பொருட்டில்லை. நமக்கு நல்ல வளர்பிறை சஷ்டி பெரும்பாலும் அவர்களுடைய 7-ல் போய் விழும். நீங்கள் நல்ல நாள் என்று அனுப்பியதை அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்ற குழப்பம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

எண்ணில் தப்பிய நாளுக்கு அடுத்தது விலங்கு. வருஷத்துக்கு மட்டுமல்ல, நாளுக்கும் இரண்டு மணி நேர வேளைக்கும் பன்னிரண்டு விலங்குகள் சுழற்சியாக வரும்: எலி, எருமை, புலி, பூனை, டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. ஒவ்வொரு மாதத்திலும் இவற்றில் ஆறு 'ஹ்வாங் தாவ்', மஞ்சள் பாதை, நல்லது. மற்ற ஆறு 'ஹாக் தாவ்', கறுப்புப் பாதை. பத்தாம் மாதத்துக்கு நல்லவை எருமை, டிராகன், குதிரை, ஆடு, நாய், பன்றி. மாதத்துக்கு நாள் பார்க்கிற அதே வாய்பாடுதான் நாளுக்கு வேளை பார்க்கவும். இது தெரிந்தால் பாதிச் சுமை குறையும். கூடவே, சுழற்சியில் ஆறு இடம் தள்ளி எதிரே நிற்கும் விலங்கு பகை. புலிக்குக் குரங்கு பகை, பன்றிக்குப் பாம்பு பகை. எனவே மணமகளுக்குக் குரங்கு நாளும், உங்கள் மகனுக்கு (1995, பன்றி) பாம்பு நாளும் கூடாது.

சித்தியின் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. புலி, குரங்கு, பாம்பு, பன்றி நான்கையும் ஒரே கூட்டமாகப் பகை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அங்கே சகஜம். ஆனால் அந்த நாலுக்குள் நேர்ப்பகை புலிக்கும் குரங்குக்கும், பாம்புக்கும் பன்றிக்கும் மட்டும்தான். புலியும் பன்றியும் அதே மரபுக் கணக்கில் இணைந்து போகும் ஜோடி. நீங்கள் வாதாட வேண்டாம். அவர்கள் குடும்பத்துக்கு நாள் குறிக்கிற பெரியவரிடமே கேட்டுப் பார்க்கும்படி பெண்ணைவிட்டுப் பணிவாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயால் வந்தால் சித்தி சமாதானமாவார்.

இப்போது அந்தப் பத்தாம் மாதத்து ஞாயிறுகளை எடுத்துச் சலித்துப் பார்ப்போம். நவம்பர் 15 அவர்களுக்கு ஏழாம் நாள், தாம் நுவாங். தவிர அது பாம்பு நாள், உங்கள் மகனுக்குப் பகை. நவம்பர் 22 பதினான்காம் நாள்; கழிந்தது. டிசம்பர் 6 இருபத்தெட்டாம் நாள், எண்ணில் குற்றமில்லை. ஆனால் புலி நாள். அந்த மாதத்துக்குக் கறுப்புப் பாதை. மிஞ்சுவது நவம்பர் 29. அவர்களுக்கு இருபத்தொன்றாம் நாள், ஆட்டு நாள், மஞ்சள் பாதை. ஆடு, பன்றி, பூனை மூன்றும் நட்புக் கூட்டணி என்பதால் உங்கள் மகனுக்கு விசேஷம். நாளுக்கு வேலை சொல்கிற பன்னிரண்டு வகைப் பகுப்பு ஒன்றும் உண்டு. அதில் அன்று 'நிறைவேறும் நாள்', கல்யாணத்துக்கு விரும்பிக் கேட்கிற வகை. நம் பக்கம் அது கார்த்திகை. நவம்பர் 24 பௌர்ணமி என்பதால் தேய்பிறை ஆகிவிடும். அது மட்டுமே குறை. திதியையும் நட்சத்திரத்தையும் உங்கள் ஜோசியர் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும்.

அவர் ஒப்பாவிட்டால் 2027 ஜனவரி 24, ஞாயிறு. தை மாதம், அவர்களுக்குப் பன்னிரண்டாம் மாதம் பதினேழாம் நாள், பூனை நாள், அந்த மாதத்துக்கு மஞ்சள் பாதை. அதற்கு முந்தைய ஞாயிறு 17 குரங்கு நாள், பெண்ணுக்குப் பகை, தொடாதீர்கள். 31-ஐயும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுப்புத் தெய்வத்தை வழியனுப்பும் 23-ஆம் நாள் ஜனவரி 30 அன்று வருகிறது. அதன்பின் ஊரே தெத் வேலையில் இறங்கிவிடும், சமையலுக்கும் வண்டிக்கும் ஆள் கிடைக்காது.

இந்த இரண்டு தேதிகளையும் முடிவாக அறிவிக்காமல், "இவை உங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டு அனுப்புங்கள். பஞ்சாங்கத்தில் இன்னும் நிறைய நல்ல, கெட்ட நட்சத்திரக் குறிப்புகளை அவர்கள் பெரியவர் பார்ப்பார். புத்தகத்துக்குப் புத்தகம் அவை மாறும். அதனால் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும். பிறந்த தேதிகளை அனுப்பும்போது நாள், மாதம், ஆங்கில வருஷம் மூன்றையும் முழுதாக எழுதுங்கள். "பன்றி வருஷம்" என்று விலங்கை மட்டும் எழுதினால் 12 வருஷக் குழப்பம் வரும்.

வேளைக்கு வருவோம். ஆட்டு நாளின் நல்ல வேளைகள்: புலி 3–5, பூனை 5–7, பாம்பு 9–11, குரங்கு மாலை 3–5, நாய் இரவு 7–9, பன்றி 9–11. பலரும் கண்ணை மூடிக்கொண்டு காலை 9–11 என்பார்கள். அது பாம்பு வேளை, உங்கள் மகனுக்குப் பகை. மாலை 3–5 பெண்ணுக்குப் பகை. ஞாயிறு ராகு காலமும் நாலரைக்குத் தொடங்கிவிடும். காலை 5–7 பூனை வேளைதான் சரி. நாள் ஆடு, வேளை பூனை, மாப்பிள்ளை பன்றி என்று மூன்றும் ஒரே கூட்டணியில் சேர்கிறது. விடியற்காலைக் கல்யாணம் நமக்கும் புதிதல்ல. தெற்கு வியட்நாமில் அவர்களுக்கும் புதிதல்ல. இரவு 7 மணி ஹோட்டல் விருந்து நாய் வேளையில் வரும்; புலிக்கு நாய் நட்பு, அதுவும் பொருத்தம்.

வேளை எதற்கு என்பதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முக்கியம், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு வாசற்படி தாண்டுகிற நொடியும், முன்னோர் பீடத்தில் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுப் பெண்ணை அழைத்துப் புறப்படுகிற நொடியும். நமக்குத் தாலி. ஐந்தேகாலுக்கு வாசலில் நில்லுங்கள். ஊதுவத்தியும் தேநீர் உபசாரமும் ஆறுக்குள் முடியட்டும். ஆறு பத்திலிருந்து ஆறு நாற்பதுக்குள் அதே வீட்டில் தாலி கட்டிவிடலாம். ஏழு மணி வரை இழுக்காதீர்கள். வேளையின் விளிம்பில் நின்றால் அங்கே பெரியவர்கள் முகம் சுருங்கும்.

தாம்பூலத் தட்டு எத்தனை என்பதையும் முன்பே கேளுங்கள். வெற்றிலை பாக்கு இல்லாமல் அவர்களுக்கும் கல்யாணம் இல்லை. ஆனால் நாம் ஒற்றைப்படையில் அடுக்குவோம். தெற்கு வியட்நாமில் 6, 8 என்று இரட்டைப்படை, வடக்கத்திக் குடும்பமென்றால் 5, 7, 9. ஹோ சி மின் நகரில் இருந்தாலும் பூர்வீகம் ஹனோய் பக்கமாக இருக்கலாம். தட்டு வாங்குவதற்கு முன்னால் பெண்ணின் அம்மாவிடமே அதைக் கேட்டுவிடுங்கள்.