கேளுங்கோ, சொல்லுறன்: அம்பின்ர வால் ஏன் பிளக்குது?

கேள்வி: வணக்கம் ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கம். மகன் ஆசைப்பட்டான் எண்டு ஒரு வில்லு செய்து குடுத்தன், அம்பும் நானே தேக்குச் சட்டத்தில கிழிச்சு சீவுளியால சீவி 8 மில்லிமீற்றர் மொத்தத்துக்கு உருட்டி எடுத்தன், வடிவாத்தான் வந்தது. ஆனா நாண் கொளுவுற வெட்டைப் போட்டுட்டு வைக்கல் கட்டுக்கு விட்டுப் பாத்தா ரெண்டாம் மூண்டாம் தரத்திலயே வால் பிளந்து போகுது. 6 அம்பில 4 போச்சு. வாள் சரியில்லையோ, இல்லாட்டி வெட்டு ஆழம் கூடிப் போச்சோ?

பதில்: தம்பி, வாள்ல ஒரு பிழையும் இல்லை, நீங்கள் வெட்டின திசையிலதான் பிழை கிடக்கெண்டு நினைக்கிறன். அம்பை விடேக்க நாண் அந்த வெட்டின்ர அடியில ஓங்கி இடிக்குது, அது கொட்டானுக்க ஆப்பு இறுக்கிற மாதிரித்தான், வெட்டும் மரத்தின்ர வரியும் ஒரே பக்கம் ஓடினா அது பிளக்காம என்ன செய்யும். தேக்கில வளையம் கண்ணுக்குத் தெரியும்தானே, அம்பின்ர வால்முனையை சண்ட் பேப்பரால தேச்சுட்டு கொஞ்சம் எச்சில் தொட்டுப் பாருங்கோ, கோடு கோடாத் தெரியும். வெட்டு அந்தக் கோடுகளுக்குக் குறுக்க விழவேணும், பெருக்கல் அடையாளம் போல சரிஞ்சில்லை, கூட்டல் அடையாளம் போல நேர் குறுக்க. அப்பிடி வெட்டினா இன்னொரு நன்மை, வில்லில முட்டுற பக்கம் எல்லா அம்பிலயும் ஒரே மாதிரி விறைப்பா இருக்கும், ஒண்டு இடத்தால ஒண்டு வலத்தால போகாது.

பாலை, வீரை மாதிரி மரம் எண்டா வளையம் லேசில தெரியாது. அதுக்கு நான் செய்யிறது, அதே கம்பில ஒரு விரல் நீளத் துண்டு அறுத்து, கத்தியை மேல வைச்சுத் தட்டிப் பாக்கிறது, ஒருக்கா இப்பிடி ஒருக்கா அப்பிடி. எந்தப் பக்கம் சுகமாப் பிளக்குதோ அதுக்குக் குறுக்க வெட்டு. முதிரையில அம்பு செய்ய வெளிக்கிடாதேங்கோ, அதின்ர வரி பின்னிக்கொண்டு போறது, நேரா ஒரு கம்பு எடுக்கிறதுக்குள்ள பொழுது பட்டுடும்.

அளவு எண்டு கேட்டா, 8 மில்லிமீற்றர் கம்புக்கு வெட்டின்ர அகலம் 3 மில்லிமீற்றருக்குக் கூடக்கூடாது, அப்பதான் ரெண்டு கன்னத்திலயும் இரண்டரை இரண்டரை மில்லிமீற்றர் மரம் மிஞ்சும். ஆழம் 8 இல்லாட்டி 10. இரும்பறுக்கிற வாள் பிளேட் ரெண்டு மூண்டை பல் ஒரே பக்கம் வரச் சேத்து ரேப் சுத்தி அறுத்தா கிட்டத்தட்ட அந்த அகலம் ஒரே தரத்தில வந்துடும், பிறகு சின்ன உருண்டை அரத்தால அடியை வளைவா எடுங்கோ, மூலை விட்டா அதிலயிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். நாண் உரசிற விளிம்பையும் மழுக்கிவிடுங்கோ, இல்லாட்டி நாண் அறும். கிறைண்டர் கொண்டு போகாதேங்கோ எண்டு கும்பிட்டுக் கேக்கிறன், ஒரு நிமிச வேலைக்கு ஒரு அம்பு போகும்.

இனிக் கட்டு. வெட்டின்ர அடிக்குக் கீழ ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வலை பின்னுற மெல்லிய நைலோன் நூலை நெருக்கிச் சுத்தி சுப்பர் குளூ விட்டுவிடுங்கோ. முல்லைத்தீவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு நூலுக்குப் பஞ்சமே. உந்தக் கட்டை ஆக்கள் அலங்காரம் எண்டு நினைச்சு விட்டுடுவினம், வெட்டு சரியான திசையில இருந்தாலும் கட்டு இல்லாம நான் விடமாட்டன். இங்கிலாந்தில 1545ல தாண்டு 1982ல மேல எடுத்த மேரி ரோஸ் எண்ட கப்பல்ல ஆயிரக்கணக்கில அம்பு கிடந்தது, அதுகள்ல நாண் வெட்டுக்குக் குறுக்க ஒரு கொம்புச் சீவலைச் செருகித்தான் வாலைப் பலப்படுத்தியிருக்கினம். பிள்ளைக்குச் செய்யிற வில்லுக்கு அவ்வளவு தேவையில்லை.

கடைசியா, அம்பை நாண்ல கொளுவி முனை நிலத்தைப் பாக்கத் தொங்க விடுங்கோ. தன்ர பாட்டில தொங்கவேணும், நாணை விரலால ஒரு தட்டுத் தட்டினா கழண்டு விழவேணும். இறுக்கிப் பிடிச்சாலும் கூடாது, லொடலொடத்தாலும் கூடாது, லொடலொடத்து நாண்ல இருந்து விலகினா வெறும் வில்லை இழுத்து விட்ட மாதிரித்தான், அந்த அடி முழுக்க வில்லுக்குப் போய் வில்லு முறியும். அந்த மிஞ்சின 2 அம்பையும் விடமுதல் கையால மெதுவா வளைச்சுப் பாருங்கோ, கிறீச் எண்டா அடுப்புக்கு.

கேள்வி: நான் நெடுங்கேணி. எங்கட வளவில மெல்லிய மூங்கில் நிக்குது, அதில அம்பு செய்யலாமோ? உள்ளுக்குப் பொந்தாக் கிடக்கே, வெட்டு எப்பிடிப் போடுறது?

பதில்: தாராளமா. கணுவைப் பாத்து அறுங்கோ தங்கச்சி, வாலுக்கு கணுவில இருந்து ஒண்டரைச் சென்ரிமீற்றர் மேல விட்டு அறுத்தா வெட்டு கணுவுக்குக் கொஞ்சம் மேலயே முடியும், வெடிப்பு வந்தாலும் கணு மறிச்சுப் பிடிக்கும். பொந்துக்க ஒரு வைரமான மரக்குச்சியை பசை தடவி அடைச்சு, காய்ஞ்ச பிறகு வெட்டுங்கோ. கட்டு இதுக்கும் வேணும். பச்சை மூங்கில்ல செய்யாதேங்கோ, காய்ஞ்சு சுருங்கேக்க கட்டும் தளரும் குச்சியும் கழரும்.

கேள்வி: இறகை முதல் ஒட்டுறதோ வெட்டை முதல் போடுறதோ? - மாங்குளம் வாசகர்

பதில்: வெட்டு முதல். மூண்டு இறகில ஒண்டு வெட்டுக்கு நேர் குறுக்க, வில்லுக்கு எதிர்ப்பக்கம் பாத்து நிக்கவேணும், வெட்டு இல்லாம அந்த இடத்தை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்? அந்த ஒரு இறகை மட்டும் வேற நிறத்தில ஒட்டுங்கோ, பெடியள் அவசரத்தில மாறிக் கொளுவ மாட்டாங்கள்.