திருப்பூரில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: இரண்டு வருடமாக மிக்ஸ்ட் மீடியா, அதாவது வண்ணம், தாள், துணி என்று பலதையும் ஒரே படத்தில் சேர்க்கும் கலை, செய்துவருகிறேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அக்ரிலிக், கேன்வாஸ், அலங்காரத் தாள் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. கஷ்டப்பட்டுச் செய்து முடித்தாலும் எங்கோ பார்த்த மாதிரியே இருக்கிறது. மலை, கடல், பழைய கட்டடம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஐடியா தானாக வரும். நான் இருப்பது திருப்பூர். பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, சாயங்காலம் வீடு, இரண்டு பிள்ளைகள். இங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். கை சுத்தமாக இருக்கிறது. பசை எங்கேயும் வழியவில்லை, ஓரங்கள் ஒழுங்கு. ஆனால் மூன்றிலும் ஈஃபில் கோபுரம் நிற்கிறது. ஒன்றில் கூடவே பட்டாம்பூச்சி, இன்னொன்றில் யாரோ யாருக்கோ எழுதிய பிரெஞ்சுக் கடிதம். எல்லாம் கடையில் கட்டாக விற்கும் ஸ்க்ராப்புக் தாளில் அச்சாகி வருபவை. அந்தக் கட்டை வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அதே கோபுரம்தான் நிற்கும். எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதென்றால், நிஜமாகவே பார்த்திருக்கிறீர்கள்.

ஐடியாவுக்குப் பஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ சரக்குக்குத்தான் பஞ்சம் என்று தோன்றுகிறது. இந்த வேலையில் ஐடியா முதலில் வந்து, அதற்கேற்ற பொருளை நாம் தேடிப் போவது அபூர்வம். ஒரு துண்டு கையில் இருக்கும், அதை இன்னொரு துண்டின் பக்கத்தில் சும்மா வைத்துப் பார்ப்போம், அப்போது ஏதோ ஒன்று பிடிபடும். உங்கள் மேஜையில் இருக்கும் துண்டுகளில் ஒன்றுகூட உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்ததில்லை. அவை உங்களிடம் எப்படிப் பேசும்?

குர்ட் ஷ்விட்டர்ஸ் என்று ஒரு ஜெர்மன் ஓவியர். ஹனோவர்காரர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், பழைய உறை, கம்பி, மரச்சில்லு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி ஒட்ட ஆரம்பித்தார். ஒரு படத்தில் வங்கி விளம்பரம் ஒன்றைக் கத்தரித்து ஒட்டியபோது, வணிகம் என்று பொருள்படும் 'கொமெர்ஸ்' என்ற சொல்லில் 'மெர்ஸ்' மட்டும் மிஞ்சியது. தனியாக அதற்கு அர்த்தம் கிடையாது. 1919-இலிருந்து தன் வேலை அத்தனைக்கும் அதையே பெயராக வைத்துக்கொண்டார். அவர் படத்தில் இருக்கும் டிராம் டிக்கெட் அந்த ஊர் டிக்கெட், அந்த வருடத்து டிக்கெட். அதை நீங்கள் வாங்கி ஒட்டினால் அலங்காரம். அவருக்கு அது காலையில் ஏறி இறங்கிய வண்டி.

சரி, திருப்பூருக்கு வருவோம். நான் இரண்டு மூன்று முறைதான் வந்திருக்கிறேன். வந்தபோதெல்லாம் பொறாமையோடு திரும்பியிருக்கிறேன். உங்கள் கம்பெனிக்குச் சாயம் போட்டு அனுப்புவதற்கு முன் லேப் டிப் என்ற நிற மாதிரி வரும், பார்த்திருப்பீர்கள். ஒரு அட்டையில் சின்னச் சதுரமாக நாலைந்து துணித்துண்டு, ஓரத்தில் பேனாவில் எழுதிய குறிப்பு. எல்லாமே சிவப்புதான். ஒன்றில் கொஞ்சம் நீலம் தூக்கலாக இருக்கும், ஒன்று செங்கல் பக்கம் சாயும், ஒன்று கழுவிய மாதிரி மங்கலாக இருக்கும். ஆர்டர் கொடுத்த பையர் ஒன்றை ஓகே செய்வார், மற்றவை குப்பைக்குப் போகும். யாருக்கும் வேண்டாம் என்று போன சிவப்புகளை மட்டும் சேர்த்து ஒரு படம் செய்ய முடியும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? உலகத்தில் எந்தக் கலைப்பொருள் கடையிலும் அந்தச் சிவப்புகள் கிடைக்காது.

அடுத்தது கட்டிங் வேஸ்ட், வெட்டியபின் மிஞ்சும் துணி. அதில் சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் துணியாகப் பார்த்து ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுங்கள். துணி தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். பின்னிய துணியின் குணம் அது. ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் கண்ணி விழுந்திருப்பதால், வெட்டிய ஓரம் நேராக நிற்காமல் சுருளும். கம்பெனியில் தையல்காரருக்கு அது தொந்தரவு. உங்களுக்கு அது கோடு. அந்தக் கயிற்றை வளைத்து ஒட்டினால் தூரிகையால் வரைய முடியாத ஒரு கோடு கிடைக்கும், நிழலும் விழும். ரிப் துணியில் இந்தச் சுருளல் வராது. அதன் வரிவரியான மேடுபள்ளத்தில் உலர்ந்த தூரிகையால் லேசாக வண்ணம் தடவினால் உழுத வயல் மாதிரி இருக்கும். இப்படி ஒவ்வொன்றையும் இழுத்து, கசக்கி, நனைத்து, கிழித்துப் பாருங்கள். ஐடியா என்று நீங்கள் தேடுவதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இன்னும் இருக்கிறது: நூல் தீர்ந்த காகிதக் கோன், ஓரம் நைந்த பேட்டர்ன் அட்டை, சைஸ் ஸ்டிக்கர் உரித்தபின் மிஞ்சும் வழவழத் தாள். எடுப்பதற்கு முன் கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிராண்ட் பெயர் போட்ட லேபிள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது எண்ணிக் கொடுக்கும் சரக்கு, கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து பணியாற்றிய சிற்பி எல் அனட்சுய் மதுபாட்டில் மூடிகளையும் கழுத்துத் தகடுகளையும் தட்டித் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் உயரத்துக்குத் தொங்கவிடுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஜரிகைத் துணி மாதிரி மடிந்து தொங்கும். அவர் உலோகத்தைத் துணியாக்கினார். துணி நகரத்துக்காரர் நீங்கள் துணியை என்னவாக ஆக்கப்போகிறீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

வீட்டுக்குள் வந்தால் எனக்குப் பிடித்த பொருள் தினசரிக் காலண்டர். தாள் மட்டமானது, பின்பக்க அச்சு முன்னால் தெரியும். நடுவில் பெரிய எண், ஞாயிற்றுக்கிழமை என்றால் சிவப்பு. கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை. கிழித்த தாளைவிட, கிழிக்கும்போது மேலே தகரப் பட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும் அடித்துண்டுகள்தான் எனக்கு முக்கியம். டிசம்பர் கடைசியில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஒரு வருடம் கிழித்த கையின் அவசரம் அத்தனையும் அந்த விளிம்பில் இருக்கும். ஊருக்குப் போயிருந்த நாட்களைச் சேர்த்துக் கிழித்த இடம் தனியாகத் தெரியும். என் வகுப்புக்கு வந்த ஒரு அம்மா, அந்த அடிக்கட்டை மட்டும் ஒரு பலகையில் பதித்து, கீழே முழுக்க வெள்ளை அடித்து விட்டுவிட்டார். அவர் கணவர் காலமான வருடத்துக் காலண்டர். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்று நானும் சொன்னேன்.

இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. காலண்டர் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சாமி படம் இருக்கும். வெட்டலாமா? நான் வெட்டுவதில்லை. பக்தி என்றும் சொல்லலாம், சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கிய அடி என்றும் சொல்லலாம். படம் இருக்கும் பகுதியை முழுசாக எடுத்து வைத்துவிட்டு, மஞ்சள் தடவிய மூலை, தங்க அச்சு எழுத்து, உறையின் உள்பக்கப் பூவேலை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். அதேபோல பில், சீட்டு எதிலாவது அடுத்தவர் பெயரோ போன் நம்பரோ இருந்தால் அதன்மேல் வண்ணம் பூசிவிடுங்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். தினம் பத்து நிமிடம் போதும், ஆனால் ஒரே வழியில் நடக்க வேண்டும். பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் தெருவாக இருக்கட்டும். பழைய பத்திரிகை அட்டை ஒன்றின் நடுவில் இரண்டு அங்குலச் சதுரமாக ஓட்டை போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையை மின்கம்பத்தின் மேல், மளிகைக்கடை ஷட்டரின் மேல், சுவரின் மேல் வைத்துப் பாருங்கள். முழுச் சுவரைப் பார்த்தால் அழுக்குச் சுவர். இரண்டு அங்குலத்தில் பார்த்தால் நீல டிஸ்டெம்பர், அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் சுண்ணாம்பு, குறுக்கே போஸ்டர் கிழிந்த வெள்ளை. உங்கள் அடுத்த படத்தின் நிறத்திட்டம் அங்கேயே இருக்கிறது. போனில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எடுக்க முடியாததைத் தேய்த்து எடுக்கலாம். சின்ன வயதில் காசின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்திருக்கிறோமே, அதேதான். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ஓவியர் 1925-இல் ஒரு விடுதியின் மரத்தரை மேல் தாளை விரித்துத் தேய்த்துத்தான் தன் புகழ்பெற்ற படவரிசையைத் தொடங்கினார். உங்கள் வீட்டில் அம்மிக்கல் இருந்தால் கொத்திய புள்ளிகள் அழகாக விழும். முறம், ஜன்னல் கிரில், முறுக்கு அச்சு என்று பிள்ளைகளிடம் தாளையும் மெழுகு கிரேயானையும் கொடுத்து விட்டால், அரை மணி நேரத்தில் உங்களுக்கு இருபது தாள் தேறும், அவர்களும் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

கிடைப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போடுங்கள். பின்னால் தேதியும் இடமும் எழுதிவிடுங்கள். அழகானது, அழகில்லாதது என்று பிரிக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத் தரையில் கொட்டி, மூன்றே பொருளை எடுத்துக்கொண்டு, மீதியை மூடி வையுங்கள். நான்காவது பொருள் வேண்டும் என்று கை துடிக்கும். இடம் கொடுக்காதீர்கள். உங்கள் படங்களில் நான் பார்த்த இன்னொரு குறை இதுதான்: ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு சாமான் இருக்கிறது, ஒன்றுக்கும் மூச்சுவிட இடமில்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று திகைப்பாக இருந்தால் தஞ்சாவூர்ப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸ்ட் மீடியா என்ற பெயர்தான் நமக்குப் புதிது. பலாப் பலகை, அதன்மேல் துணி, துணிமேல் சுண்ணப் பூச்சு, பிறகு மேடு கட்டிக் கல் பதிப்பு, தங்கத் தாள், வண்ணம். அந்த வரிசையில் அடித்தளமும் கனமும் முன்னால் வருகின்றன, முகம் திறப்பது கடைசியில். நீங்கள் எடுத்தவுடன் கோபுரத்தை ஒட்டிவிட்டு, அதைச் சுற்றி என்ன ஒட்டுவது என்று முழிக்கிறீர்கள். முதலில் தளத்தைச் செய்யுங்கள்.

இனி பசை. காலண்டர் மாதிரி மெல்லிய தாளுக்கு ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பசையைத் தளத்தில் தடவி, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஈரத்தில் தாள் நீளும், குமிழி வரும். காயும்போது பெரும்பாலும் இறுகிவிடும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் வளையும், அதனால் பின்பக்கமும் ஏதாவது ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். பனியன் துணிக்குத் தண்ணீர் கலக்கக் கூடாது. மெல்லிசாகத் தடவி, அரை நிமிடம் விட்டு, பிசுபிசுப்பு வந்தபின் துணியை வையுங்கள், இல்லாவிட்டால் பசை மேலே ஊறிக் கறையாகிவிடும். மைதாப் பசை மலிவு, ஆனால் பூச்சிக்கு விருந்து. பைண்டிங் கடையில் மயில்துத்தம் கலப்பது அதற்காகத்தான். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

போட்டோ ஒட்டுவதென்றால் இங்க்ஜெட் பிரிண்ட் பசை ஈரத்தில் கலங்கும், ஜெராக்ஸ் கலங்காது. ஜெராக்ஸைக் கவிழ்த்து அக்ரிலிக் மீடியம் என்ற நிறமில்லாத அக்ரிலிக் கலவையில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, ஈர விரலால் தாளைத் தேய்த்து உரித்தால் படம் மட்டும் தளத்தில் நிற்கும். எழுத்து திரும்பி விழும் என்பதை மறக்காதீர்கள். 'ப' மாதிரி ஒன்றிரண்டுதான் தப்பிக்கும்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்து பஸ் டிக்கெட், கடை பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் சேர்த்துப் பெரிதாக ஒரு படம் செய்தேன். நண்பர் ஒருவர் வாங்கி ஹாலில் மாட்டினார். அடுத்த தீபாவளிக்குப் போனால் பாதிப் படம் வெறும் வெள்ளை. மெஷினில் வரும் சீட்டு பெரும்பாலும் மை இல்லாத அச்சு, சூட்டில் கறுக்கும் தாள். வெளிச்சத்தில் மங்கிக்கொண்டே போய்விடும். இப்போது அவற்றை ஜெராக்ஸ் எடுத்துத்தான் ஒட்டுகிறேன். நண்பர் இன்னும் அதைக் கழற்றவில்லை. வெள்ளையானதும் நன்றாக இருக்கிறதாம்!

கடைசியாக ஃபிரேம் பற்றி ஒரு வார்த்தை. துணியும் கயிறும் வந்துவிட்டால் சாதா ஃபிரேம் உதவாது, கண்ணாடி அமுக்கிவிடும். கடைக்காரரிடம் பாக்ஸ் ஃபிரேம் என்று கேளுங்கள். கயிற்றின் உச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே கால் அங்குலமாவது இருக்கட்டும். மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.