நரைத்துப்போன பம்பர், வெளுத்த டிரிம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வண்டிகளின் வெளிப்புறக் கறுப்பு பிளாஸ்டிக் (பம்பர், டிரிம் எனப்படும் ஓரப் பட்டைகள்) பற்றி நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, நீளமானவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். பெரும்பாலானோர் கேட்டிருப்பது "எதைப் பூசினால் நிற்கும்" என்பதுதான். பூசுவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று யாருமே எழுதவில்லை, கோளாறே அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பதினைந்து வருட வண்டி. பம்பரும் சக்கரத்தைச் சுற்றியுள்ள பட்டையும் சாம்பல் நிறமாகிவிட்டன. தண்ணீர் ஊற்றினால் கறுப்பாகத் தெரிகிறது, காய்ந்ததும் பழையபடி வெளுக்கிறது. நிறம் போய்விட்டதா, இல்லையா?

போகவில்லை. பெயிண்ட் அடிக்காத கறுப்பு பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனில் கொஞ்சம் ரப்பரும் டால்க் பவுடரும் கலந்து செய்தவை. கறுப்பு என்பது மேலே பூசியது அல்ல, கார்பன் பிளாக் உள்ளே முழுக்கக் கலந்திருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோலில் இருக்கும் பாலிமர் சங்கிலிகளை அறுத்துப்போடுகின்றன, அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன, உள்ளிருக்கும் டால்க்கும் தலைகாட்டுகிறது. அந்த வெடிப்புகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் போய் வெடிப்புகளை நிரப்பினால் சிதறல் குறைந்து அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது, அவ்வளவுதான்.

கடையில் விற்கும் டிரிம் ரெஸ்டோரர் முக்கால்வாசியும் செய்வது இதே வேலைதான். தண்ணீர் ஆவியாகிவிடும், இவை கொஞ்ச நாள் தங்கும். ஆகவே உங்கள் தண்ணீர் வைத்தியமே நல்ல பரிசோதனை: ஈரத்தில் முழுக் கறுப்பாகிறது என்றால் கோட்டிங் போட்டே சரிசெய்யலாம். ஈரமாக இருக்கும்போதும் திட்டுத் திட்டாகச் சாம்பலாகவே இருந்தாலோ, வெறும் கண்ணுக்கே வெடிப்பு தெரிந்தாலோ கோட்டிங்குக்குச் செலவழிக்காதீர்கள், பெயிண்ட் அல்லது புதுப் பாகம்தான் வழி.

கேள்வி: டிரெஸ்ஸிங் போட்டால் பளபளவென்று வருகிறது. ஒரு மழைக்குப் பிறகு கதவு முழுக்க எண்ணெய் வழிந்த கோடு, பம்பர் மறுபடி வெளுப்பு. எந்த பிராண்ட் மாற்றுவது?

பிராண்டை மாற்றாதீர்கள், வகையை மாற்றுங்கள். நீங்கள் போடுவது சிலிகான் எண்ணெய். அது காய்வதே இல்லை, மேலே ஈரமாக உட்கார்ந்திருக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், மழை வந்தால் கிளம்பிவிடும். காய்ந்து படலமாக மாறாத எதுவும் வெளிப்புற பிளாஸ்டிக்கில் நிற்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைப் படியுங்கள். "பூசிய பிறகு இத்தனை மணி நேரம் நனைக்காதே" என்று எழுதியிருந்தால் அது காய்ந்து இறுகும் சரக்கு. செராமிக் வகை டிரிம் கோட்டிங், சாயம் கலந்த ரெஸ்டோரர் எல்லாம் இந்த இனம். "தெளித்துத் துடைத்தால் போதும், உடனே வண்டியை எடுக்கலாம்" என்றால் பெரும்பாலும் எண்ணெய்தான். இறுகும் வகை மாதக் கணக்கில் நிற்கும், நன்றாகப் போட்டால் வருடத்தைத் தாண்டும். டப்பாவில் போட்டிருக்கும் காலத்தில் பாதியை நம்பினால் ஏமாற்றம் இருக்காது.

ஆனால் இதுவரை போட்ட சிலிகான் மேல் புதுக் கோட்டிங் ஒட்டாது, முதலில் அது போக வேண்டும். சாதாரண கார் ஷாம்பூ இதற்குப் பத்தாது. ஆல் பர்பஸ் கிளீனரை ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து, வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் தொட்டால் சுடாத நேரமாகப் பார்த்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். சொரசொரப்பான டெக்ஸ்சர் இருப்பதால் ஒரே திசையில் தேய்த்தால் பாதி அழுக்கு பள்ளத்திலேயே கிடக்கும், குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். கழுவியதும் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். அப்புறம் நன்றாகக் காயவிட்டு (இடுக்கில் ஒளிந்திருக்கும் தண்ணீர்தான் நாம் பூசும் நேரம் பார்த்து வெளியே வரும்), ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு துடைப்பு. பக்கத்துப் பெயிண்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, கையுறை போட்டுக்கொண்டு கோட்டிங்கை மெல்லிசாகப் பூசுங்கள். மிஞ்சியதை உடனே ஒரு மைக்ரோஃபைபர் துணியால் சமன்படுத்திவிடுங்கள், இல்லையென்றால் கோடு கோடாக இறுகிவிடும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. ஒரே தடவை கெட்டியாக அப்புவதைவிட இரண்டு மெல்லிய கோட் எவ்வளவோ மேல். பிறகு ஒரு நாள் மழையும் பனியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பம்பர் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரங்களில் மட்டும் சுண்ணாம்பு தீற்றினாற்போல வெள்ளைக் கறை.

பாலிஷ் அல்லது வேக்ஸ் போட்டவர் டேப் ஒட்டாமல் போட்டிருக்கிறார். டெக்ஸ்சருக்குள் புகுந்து காய்ந்துவிட்டது, பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் தேய்த்துப் பாருங்கள், பல சமயம் அதிலேயே போய்விடும். அடங்காவிட்டால் மேலே சொன்ன கிளீனரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும். மேஜிக் ஸ்பஞ்ச் என்று விற்கும் மெலமைன் ஸ்பஞ்சை மட்டும் எடுக்காதீர்கள், அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்கிறது, டெக்ஸ்சரின் முனைகளை மழித்துவிடும்.

கேள்வி: ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் பிளாஸ்டிக் புதுசு மாதிரி கறுக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. உண்மையா, ஏமாற்றா?

உண்மைதான். ஆனால் வீடியோ முடிந்த பிறகு நடப்பதை யாரும் காட்டுவதில்லை. சூட்டில் மேல்தோல் லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, வெளிச்சம் சிதறுவது நின்று கறுப்பு தெரிகிறது. ஆனால் வெயிலைத் தாங்குவதற்காக ஆலையில் கலந்த ஸ்டெபிலைசர் அந்தத் தோலில் தீர்ந்துபோயிருக்கும், அதைச் சூடு திருப்பிக் கொண்டுவராது. எனவே மறுபடி வெளுக்கும், அதுவும் முதல் தடவையைவிடச் சீக்கிரம். ஒவ்வொரு முறையும் டெக்ஸ்சர் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கி, கடைசியில் வழுவழுவென்ற திட்டுகள் மிஞ்சும்.

அபாயமும் சின்னதல்ல. பாலிப்ரொப்பிலீன் உருகுவது 160 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், ஏபிஎஸ் பிளாஸ்டிக் 105 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்றோ முழு வேகத்தில் 500 டிகிரியைத் தாண்டும். ஒரு இடத்தில் இரண்டு நொடி அதிகம் நின்றால் பம்பர் நெளிந்துவிடும், அதை நிமிர்த்த யாராலும் முடியாது. பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும், பட்டையை ஒட்டியிருக்கும் ஃபோம் டேப் கழன்றுவிடும், கண்ணாடி ஓரமாகக் காட்டினால் கண்ணாடியே விரிசல் விடலாம். பார்க்கிங் சென்சார் இருக்கும் பம்பர் பக்கமே போகாதீர்கள்.

செய்தே ஆக வேண்டுமென்றால் கழற்ற முடிந்த பாகத்தைக் கழற்றி, கழுவிக் காயவைத்து (எண்ணெய்ப் பிசுக்கோடு சூடு காட்டினால் புகையும், கறையும் தங்கிவிடும்), குறைந்த சூட்டில், கையை நிறுத்தாமல் வீசிக்கொண்டே, ஒரே ஒரு முறை. ஆறியதும் மேலே இறுகும் கோட்டிங் போட்டுவிடுங்கள், அப்படிச் செய்தால்தான் பட்ட பாட்டுக்குப் பலன் இருக்கும். இரண்டாவது முறைக்கு வரும்போது ஹீட் கன் வேண்டாம்.

கேள்வி: லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்), பழைய இன்ஜின் ஆயில், டீசல், ஷூ பாலிஷ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செலவில்லாமல் இவற்றில் எது தேவலை?

இன்ஜின் ஆயிலும் டீசலும் வேண்டவே வேண்டாம். இரண்டும் காயாது. பக்கத்திலிருக்கும் ரப்பர் பீடிங் (கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டை) ஈபிடிஎம் என்ற வகை ரப்பர், அது பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதிப்போய் இளகிவிடும். பழைய இன்ஜின் ஆயில் தோலுக்கும் கெடுதல். ஷூ பாலிஷ் நன்றாகத்தான் கறுக்கும், அப்புறம் வண்டியில் சாய்ந்தவர் சட்டையும் கறுக்கும்.

இந்தக் கூட்டத்தில் லின்சீட் ஆயில் மட்டும் தனி ரகம். காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அது உண்மையாகவே இறுகும், அதனால்தான் மற்றவற்றைவிட அதிக நாள் நிற்கிறது, ஆட்கள் அதைப் புகழ்வதும் அதனால்தான். ஆனால் கெட்டியாகப் பூசினால் மாதக் கணக்கில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், நாளாக ஆக மஞ்சள் தட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அந்த எண்ணெயைத் துடைத்த துணி. இறுகும்போது எண்ணெய் சூட்டை வெளிவிடும். துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். தீக்குச்சியே தேவையில்லை. துணியை வெளியே விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் போடுங்கள். இவ்வளவு கவனம் எடுக்க வேண்டிய பொருளுக்குப் பதிலாக நான் சின்ன பாட்டில் கோட்டிங் வாங்கச் சொல்வேன். ஒரு வண்டிக்கு அது தாராளமாகக் காணும்.

கேள்வி: கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். மூன்றே மாதத்தில் நகத்தால் சுரண்டினால் தோல் தோலாக உரிகிறது. பெயிண்ட் மட்டமா?

பெயிண்ட் மேல் பழியைப் போடாதீர்கள். பாலிப்ரொப்பிலீன் எதையும் தன்மேல் ஒட்டவிடாத குணம் கொண்டது, பெயிண்ட் அதன்மேல் சும்மா படுத்திருக்குமே தவிரப் பிடிக்காது. பாகத்தின் பின்புறம் திருப்பிப் பாருங்கள், என்ன பிளாஸ்டிக் என்ற குறி அச்சிலேயே வார்த்திருக்கும். பிபி (PP) என்று தொடங்கினால் பாலிப்ரொப்பிலீன், அதற்கு அட்ஹீஷன் ப்ரொமோட்டர் என்று விற்கும் நிறமில்லாத ஸ்ப்ரே முதலில் அடிக்க வேண்டும். வெறும் "பிளாஸ்டிக் ப்ரைமர்" என்று எழுதியிருந்தால் போதாது, பாலிப்ரொப்பிலீனுக்கு ஆகும் என்று டப்பாவில் சொல்லியிருக்க வேண்டும். ஏபிஎஸ் என்றால் இத்தனை பிகு கிடையாது, பெயிண்ட் எளிதாகப் பிடிக்கும்.

உரிகிற பெயிண்டை முழுக்க எடுத்துவிட்டு, கிளீனரால் கழுவி, சாம்பல் நிற நைலான் பேட் கொண்டு பளபளப்பு போகும்வரை மட்டும் உரசுங்கள். உப்புத்தாள் போட்டால் இந்த பிளாஸ்டிக் நூல் நூலாகப் பிசிறு கிளம்பும், டெக்ஸ்சரும் போச்சு. ஆல்கஹால் துடைப்பு, ப்ரொமோட்டர் ஒரு மெல்லிய கோட், அது சொல்லும் நேரத்துக்குள் பெயிண்ட். அந்த நேரத்தைத் தவறவிட்டால் ப்ரொமோட்டர் மறுபடி அடிக்க வேண்டும், சிலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பம்பருக்கென்று விற்கும், வளைந்து கொடுக்கும் பெயிண்டாகப் பார்த்து, மேட் அல்லது சாட்டின் பூச்சாக வாங்குங்கள். பளபளா கறுப்பு அடித்தால் ஆலையிலிருந்து வந்ததல்ல என்று தூரத்திலேயே தெரியும். பூசும்போது வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் பழைய சிலிகான் இன்னும் போகவில்லை என்று அர்த்தம், மேலே மேலே அடித்து மூடப் பார்க்காதீர்கள், துடைத்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள்.

ஒன்று தெரிந்தே இறங்குங்கள்: பெயிண்ட் அடித்துவிட்டால் பிறகு கோட்டிங் பக்கம் திரும்ப முடியாது. கீறல் விழுந்தால் மறுபடி பெயிண்ட்தான். அதனால் தண்ணீர் பரிசோதனையில் தேறிய பாகத்துக்குப் பெயிண்ட் வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஜன்னலைச் சுற்றியிருக்கும் வெள்ளி நிறப் பட்டை பால் ஊற்றியது போல மங்கிவிட்டது. மெட்டல் பாலிஷ் போடலாமா?

முதலில் அது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் கன்டினியூட்டியில் (மின்சாரம் பாய்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து இரண்டு முனைகளையும் பட்டைமேல் அழுத்தாமல் தொடுங்கள். மின்சாரம் பாய்ந்தால் மேலே பூச்சில்லாத உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை என்றால் தைரியமாக மெட்டல் பாலிஷ் போடுங்கள், ஜொலிக்கும். பாயவில்லை என்றால் பெரும்பாலும் அனோடைஸ் செய்த அலுமினியம், மேலே மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் இருக்கிறது. காரம் அதிகமுள்ள வாஷ் கெமிக்கலும், அமில வீல் கிளீனரும் அந்தப் படலத்தை அரித்துத்தான் இப்படிப் பால் நிறம் வருகிறது. மேலோட்டமான கறையென்றால் மிதமான பாலிஷில் தெளியும். அரிப்பு என்றால் படலத்தையே உரசி எடுத்தால்தான் பளபளக்கும், எடுத்துவிட்டால் அடியிலுள்ள வெறும் அலுமினியம் சீக்கிரமே மங்கும், நீங்கள் ஆயுசுக்கும் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நிலையில் கறுப்பு வினைல் ஒட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

கிரில்லில் இருக்கும் குரோம் பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல் முலாம். உரியத் தொடங்கிவிட்டால் எந்த பாலிஷும் ஒட்டவைக்காது, உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கும் அதே கோட்டிங்கைப் போடலாமா?

வேண்டாம். இறுகும் கோட்டிங் அசையாத பிளாஸ்டிக்குக்கு. பீடிங் வளையும், அழுந்தும், மேலே படலம் போட்டால் வெடித்துச் செதிலாகும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, சிலிகான் கிரீஸ் துளி எடுத்துத் துணியால் தேய்த்துவிடுங்கள். வாஸ்லின் பெட்ரோலியச் சரக்கு, அதுவும் ஈபிடிஎம்முக்கு ஆகாது. விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்த பீடிங்கை மாற்றிவிடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுத்து துருதான்.

கேள்வி: பைக்கின் மட்கார்டு, சைடு பேனலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். ஸ்ப்ரே வகை எதையும் வண்டிமேல் நேராக அடிக்காமல் துணியில் அடித்துப் பூசுங்கள். டிஸ்க் பிரேக்கிலோ டயரின் தரையில் படும் பகுதியிலோ சிலிகான் பட்டால் பிரேக் பிடிக்காது, வளைவில் வழுக்கும். சீட்டில் பூசவே பூசாதீர்கள்.