எலுமிச்சை சாறு குடித்தால் ரத்தம் ஏன் புளிப்பதில்லை?

கேள்வி: எலுமிச்சை ஜூஸ், சோடா, புளிக்குழம்பு என்று தினமும் அமிலமாகத்தான் உள்ளே தள்ளுகிறோம். அப்படியும் ரத்தத்தின் பிஎச் 7.4-லேயே நிற்பது எப்படி? ஆல்கலைன் வாட்டர் குடித்தால் அது ஏறுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் நான். ஏபிஜி (தமனி ரத்தப் பரிசோதனை) சீட்டைக் கையில் வாங்கினால் முதலில் கண் போவது இந்த பிஎச் எண்ணுக்குத்தான்: 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம், மேலே ஏற ஏறக் காரம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 5 லிட்டர் சுத்தமான தண்ணீரில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டால் பிஎச் 7-லிருந்து 2.6-க்கு விழுந்துவிடும். அதே 1 மில்லியை 5 லிட்டர் ரத்தத்தில் விடுவதாக வைத்துக்கொள்வோம். (யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) ரத்தத்தில் லிட்டருக்கு சுமார் 24 மில்லிமோல் பைகார்பனேட்டும் (அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் காரம்), 1.2 மில்லிமோல் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் இருக்கின்றன. 20-க்கு 1. இந்த விகிதம் இருக்கும்வரை பிஎச் 7.4.

நாம் விட்ட அமிலம் லிட்டருக்கு 2.4 மில்லிமோல். அதைப் பைகார்பனேட் பிடித்துக்கொண்டு, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. பைகார்பனேட் 21.6-க்கு இறங்குகிறது. உண்டான வாயு வெளியே போக வழியில்லாத மூடிய குழாயாக இருந்தால் அது 3.6-க்கு ஏறும். விகிதம் 6-க்கு 1, பிஎச் 6.9. அந்த அளவில் ஆள் பிழைப்பது கஷ்டம். ஆனால் நுரையீரல் அந்த வாயுவை வெளியே ஊதித் தள்ளி 1.2-லேயே வைத்திருந்தால்? 18-க்கு 1. பிஎச் 7.36. நார்மல்!

ஹீமோகுளோபினையும் மற்ற புரதங்களையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆனாலும் விஷயம் பிடிபட்டிருக்கும். ஒரு பஃபர், அதாவது பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் கரைசல், தன் பிகேஏ மதிப்பை (அதன் அமிலப் பங்கும் காரப் பங்கும் சமமாக இருக்கும் பிஎச்) ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும் என்று பிளஸ் டூ வேதியியலில் தாங்கல் கரைசல் பாடத்தில் படித்திருப்போம். பைகார்பனேட்டின் பிகேஏ 6.1, அதாவது 7.4-க்கு எட்டத்தில். சோதனைக் குழாயில் அது தேறாத கேஸ். உடம்பில் அதைத் தேற வைப்பது மூச்சு. ஏரிக்குக் கலங்கல் மாதிரி: எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மிச்சம் வழிந்து போய்விடும், மட்டம் அப்படியே நிற்கும்.

இதை வார்டில் கண்ணால் பார்க்கலாம். சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிய நிலையில் வருகிறார். நெஞ்சு முழுக்க ஏறி இறங்க ஆழமாக, வேகமாக, நிற்காமல் மூச்சு வாங்குவார். கூட வந்தவர்கள் ஆஸ்துமா என்று நினைப்பார்கள். ஸ்டெத் வைத்தால் நுரையீரலில் ஆஸ்துமாவின் விசில் சத்தம் இருக்காது. அடோல்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் 1874-ல் விவரித்த மூச்சு இது, இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். சீட்டில் பைகார்பனேட் 6, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 18, பிஎச் 7.15 என்று இருக்கும். அந்த அழுத்தம் எல்லோருக்கும் போல 40-ஆக இருந்திருந்தால் பிஎச் 6.8. அந்த மூச்சுதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு வென்டிலேட்டர் போட வேண்டி வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குவதும் இதனால்தான். மெஷினை வழக்கமான நிமிடத்துக்கு 14 மூச்சில் வைத்துவிட்டால் கலங்கலை அடைத்த மாதிரி ஆகிவிடும்.

அந்த ரத்தத்தை எடுப்பதிலும் இதே விஷயம் வரும். மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்ததும் சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழைத் தள்ளிவிட வேண்டும். விட்டால் கார்பன் டை ஆக்சைடு குமிழுக்குள் போய், பிஎச் பொய்யாக ஏறிக் காட்டும்.

சரி, ஹீமோகுளோபின். திசுக்களில் ஆக்சிஜனை இறக்கிவிட்ட கையோடு அது ஹைட்ரஜன் அயனியை ஏற்றிக்கொள்கிறது, நுரையீரலுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொள்கிறது. இவ்வளவு கழிவு வாயுவைச் சுமந்து வரும் சிரை ரத்தத்தின் பிஎச், தமனி ரத்தத்தைவிட 0.03, 0.04 அளவுதான் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். செல்லுக்குள்ளே பாஸ்பேட்டும் புரதங்களும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் மூச்சில் போகாத அமிலமும் உண்டு. புரதச் சாப்பாட்டிலிருந்து வரும் கந்தக அமிலம் போன்றவை, 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 70 மில்லிமோல். இது சிறுநீரகத்தின் பங்கு. இங்கே ஒரு சிக்கல்: சிறுநீரின் பிஎச் 4.5-க்குக் கீழே போவதில்லை. அந்த பிஎச்சில் இவ்வளவு அமிலத்தையும் அப்படியே வெளியேற்ற 2,000 லிட்டருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும்! அதனால் சிறுநீரகம் அதைப் பாஸ்பேட்டிலும் அம்மோனியாவிலும் ஏற்றி ஒன்றரை லிட்டரில் அனுப்பிவிடுகிறது. நுரையீரல் நிமிடங்களில் செய்வதை இது நாள்கணக்கில் செய்யும்.

இப்போது எலுமிச்சை. அதன் சிட்ரிக் அமிலத்தை உடம்பு எரித்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும், மூச்சில் போய்விடும். சோடாவின் வாயு பாதி ஏப்பத்திலேயே போய்விடும். ஆல்கலைன் வாட்டர் முதலில் சந்திப்பது பிஎச் 2-ல் இருக்கும் இரைப்பையை. அதைத் தாண்டி மிஞ்சுகிற கொஞ்சத்தையும் சிறுநீரகம் வெளியே விட்டுவிடும். சிறுநீரின் பிஎச் கொஞ்சம் மாறலாம், ரத்தத்தினுடையது மாறாது.

காரம் (ஆல்கலி) நிஜமாகவே தேவைப்படுவது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு. அவர்களுக்கு ரத்தத்தில் பைகார்பனேட் பார்த்து, குறைந்திருந்தால் சோடா பைகார்பனேட் மாத்திரை எழுதுவோம். அதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதில் சோடியம் இருக்கிறது, கால் வீக்கமும் பிரஷரும் ஏறலாம்.