கூட்டத்தில் என் கண்ணுக்கு மட்டும் ஏன் வாடிய முகமே தெரிகிறது?

எல்லோரும் சிரித்துப் பேசிய இடத்திலும் யாரோ ஒருவர் முகம் சுளித்ததே மனதில் நிற்கிறது, இது குணமா கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம் ஒரு வளைகாப்பு முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது, "காபி கொடுத்தபோது அத்தை முகம் ஒரு மாதிரி இருந்ததே, கவனித்தீர்களா?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் கவனித்தது புளிசாதத்தையும் மைத்துனனின் கிண்டலையும்தான். இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரே ஜமக்காளத்தில்!

குணம்தான் என்பேன். 1986-இல் மெக்லியோட், மேத்யூஸ், டாடா என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் மேலும் கீழுமாக இரண்டு சொற்கள் அரை நொடி தோன்றும். அவற்றில் ஒன்று அச்சமூட்டுவது. அவை மறைந்ததும் ஓர் இடத்தில் புள்ளி வரும், கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பதற்ற நோய் உள்ளவர்கள், அச்சச் சொல் இருந்த இடத்தில் புள்ளி வந்தால் சீக்கிரம் அழுத்தினார்கள். கவனம் முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. 2007-இல் 172 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நோயில்லாமல் இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களிடமும் இந்தச் சாய்வு தெரிந்தது.

எனக்குப் பிடித்தவை டெரிபெரி, ரீட் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வுகள். மதிப்பெண் கூடவும் குறையவும் செய்யும் விளையாட்டுகளை வைத்துப் பார்த்தார்கள். எளிதில் பழகும் குணத்தவர்கள் பரிசு கிடைக்கும் பக்கத்திலிருந்து கவனத்தைத் திருப்பத் தாமதித்தார்கள், புளிசாதம் நினைவிருக்கிறதா? 2002-இல் வந்த ஆய்வில், பதற்றக்காரர்களின் கவனம் முதல் கால் நொடியில் ஆபத்தின் பக்கமே, அதாவது மதிப்பெண் பறிபோகும் பக்கமே சாய்ந்தது. ஆனால் அவர்களில் கவனத்தை நினைத்தபடி திருப்பத் தெரிந்தவர்களால் அரை நொடிக்குள் அதிலிருந்து விலக முடிந்தது. மற்றவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அத்தை முகம் என் கண்ணில் பட்டதில் குற்றமில்லை, அதை ஆட்டோ வரை சுமந்து வந்தேனே, அதுதான் என் வியாதி.

இந்தப் புள்ளிச் சோதனையை இணையத்தில் செய்து பார்த்துக் கலங்காதீர்கள். கூட்டத்தின் சராசரியைச் சொல்ல உதவுமே தவிர, ஒரே ஆளுக்கு இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக வரும்.

ஒன்றை மட்டும் கணவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். சித்தப்பா வேலை போனதை மறைத்து வைத்திருந்த நாட்களில், அவர் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருக்கிறார் என்று முதலில் சொன்னவள் நான்தான்.