டிரஸ்ட் பதிந்து ஒரு வருடம்தான் என்றால் சிஎஸ்ஆர் பணம் வராது

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள 14 பிள்ளைகளுக்கு வாடகை வீட்டில் பகல்நேர மையம் நடத்துகிறோம், டிரஸ்ட் பதிந்து ஒரு வருடம்தான் ஆகிறது, சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் பணம், கேட்ட கம்பெனி எல்லாம் கைவிரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் குறை இருக்காதுங்க. வெளி அமைப்புக்கு சிஎஸ்ஆர் பணம் தர வேண்டுமானால் அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண்ணும் அதற்கு மேல் வேண்டும். அதனால் கன்சல்டன்ட் யாராவது "வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்றால் நம்பாதீர்கள்.

இப்போதைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மையத்தைப் பதியுங்கள், அது இல்லாமல் மையம் நடத்துவதே தப்பு, அரசு மானியமும் கிடைக்காது. அப்புறம் தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளமான என்ஜிஓ தர்பனில் பதிந்து எண் வாங்குங்கள்.

வருகைப் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். நாங்கள் ஒரு மாதத்துக்கும் சேர்த்து ஒரே ராத்திரியில் எழுதினோம், ஆய்வுக்கு வந்தவர் மையைப் பார்த்தே சிரித்துவிட்டார், மானியம் அந்த வருடம் போச்சு.

பிள்ளைகளுக்கு நிராமயா (ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) எடுத்தாச்சா? வருடத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு, தெரப்பிக்கும் சேர்த்து. அதற்கு டிரஸ்டின் வயதை யாரும் கேட்க மாட்டார்கள்.