லேபிளில் 45, பாட்டிலில் 225: கலோரி கணக்கில் குழப்பம்

கேள்வி: இரண்டு பழரச பாட்டில்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றில் 188 கிலோ ஜூல், 45 கிலோ கலோரி என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் வெறும் 90 கலோரி. இரண்டுமே அரை லிட்டர். எதில் குறைவு? கிலோ கலோரி என்றால் கலோரியைப் போல ஆயிரம் மடங்கா?

பதில்: இயற்பியல் பாடத்தில் ஆயிரம் மடங்குதான். சாப்பாட்டு விஷயத்தில் அந்தக் கவலை வேண்டாம். லேபிளிலும் மருத்துவர் பேச்சிலும் வரும் 'கலோரி' எல்லாமே கிலோ கலோரிதான். கிலோ ஜூல் அதே ஆற்றலுக்கு இன்னொரு அலகு; 4.184ஆல் வகுத்தால் கிலோ கலோரி வந்துவிடும். கடையில் நின்றுகொண்டு மனக்கணக்குப் போட நாலால் வகுத்தாலே போதும்.

வில்லங்கம் அலகில் இல்லை, அளவில்தான். முதல் பாட்டிலின் 45 என்பது 100 மில்லிக்கு. இரண்டாவதன் 90, பெரும்பாலும் ஒரு 'சர்விங்'குக்கு, அதாவது ஒரு தடவை குடிப்பதாக லேபிளில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு. அது எத்தனை மில்லி என்று அந்தக் கட்டத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். 200 மில்லி என்றால் இரண்டு பாட்டிலும் ஒன்றுதான். 250 என்றால் 100 மில்லிக்கு 36, இரண்டாவது குறைவு. 150 என்றால் 60, அதுவே அதிகம். ஆக, அந்த அளவு தெரியாத வரை 90க்கு எந்த அர்த்தமும் கிடையாது.

ஒப்பிடுவதற்கு 100 மில்லி, 100 கிராம் கணக்கை மட்டும் பாருங்கள். உங்கள் வயிற்றுக்குள் போவதைத் தெரிந்துகொள்ள மொத்த அளவால் பெருக்குங்கள்: முதல் பாட்டிலை முழுக்கக் குடித்தால் 225. அரை லிட்டர் பாட்டிலைத் திறந்து 200 மில்லியோடு மூடி வைப்பவர்கள் எத்தனை பேர்? முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை.

சூப் பொடி, நூடுல்ஸ் போன்றவற்றில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எண் காய்ந்த பொருளுக்கா, தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பிறகா? 100 கிராம் பொடியையும் 100 மில்லி சூப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: பிஸ்கட் பாக்கெட்டில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 70, புரதம் 7, கொழுப்பு 20 கிராம். கிராமுக்கு 4, 4, 9 கலோரி என்று பெருக்கிக் கூட்டினால் 488 வருகிறது. லேபிளில் 476. தவறாக அச்சிட்டிருக்கிறார்களா?

பதில்: நார்ச்சத்து 6 கிராம் என்று கீழே இருக்கிறதா? இருந்தால் கணக்கு சரி. சில நாட்டு லேபிள்களில் நார்ச்சத்து மாவுச்சத்துக்குள்ளேயே அடங்கும், சில நாடுகளில் தனியாக வரும். அதற்கு கிராமுக்கு 4 அல்ல, 2 என்று எடுப்பது வழக்கம். 6 கிராமுக்கு 12 குறையும். 'சர்க்கரை இல்லை' வகைகளில் சேர்க்கும் இனிப்பு ஆல்கஹால்களுக்கும் 4ஐ விடக் குறைவுதான். (மதுவில் இருக்கும் ஆல்கஹாலுக்கு 7!)

இந்த 4, 4, 9 எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த சராசரிகள். ஒவ்வொரு பாக்கெட்டையும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அமெரிக்க விதிப்படி, உண்மையான கலோரி லேபிளில் உள்ளதை விட 20 சதவீதம் வரை கூடலாம். ஐந்து பத்து வித்தியாசத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: '0 கலோரி' என்றால் நிஜமாகவே பூஜ்யமா?

பதில்: எப்போதும் இல்லை. அமெரிக்காவில் ஒரு சர்விங்கில் 5 கலோரிக்குக் கீழே இருந்தால் 0 என்று போடலாம். செயற்கை இனிப்புப் பொட்டலங்களில் அப்படித்தான்; இனிப்பூட்டியோடு கலக்கும் நிரப்பு மாவில் கொஞ்சம் கலோரி உண்டு. எண்ணெய் ஸ்ப்ரே இன்னும் வேடிக்கை. சில டப்பாக்களில் ஒரு சர்விங் என்பது கால் வினாடி அழுத்தம், கால் கிராம் எண்ணெய். ஐந்து வினாடி அழுத்தினால் 5 கிராம், கிட்டத்தட்ட 45 கலோரி.